சன்னாசி எடுத்த முதல் எம்சி

சன்னாசிக்கு அறுபத்தெட்டு வயது. ஈப்போவில் பதினெட்டு மாடிக் குடியிருப்பு ஒன்றின் வாசலில், தடுப்புக் கம்பத்தை ஏற்றி இறக்கும் கண்ணாடி அறைக்குள் பதினோரு வருடமாக உட்கார்ந்திருக்கிறார். காவலாளியை ஜாகா என்று சொல்வதுதான் அங்கே வழக்கம். சன்னாசி பிறந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில். முப்பது வயது வரை ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். பிறகு தோட்டத்தை விற்றார்கள், மரங்களைச் சாய்த்தார்கள், வீடு கட்டத் தொடங்கினார்கள். மரம் நின்ற இடத்தில் அடுக்கியிருந்த சிமெண்டு மூட்டைகளைக் காவல் காக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அப்படி ஜாகாவானவர்தான். லாரிப் பட்டறை, பள்ளிக்கூடம், குடியிருப்பு என்று வாசல்தான் மாறியது.

அவரிடம் பெருமை என்று ஒன்று இருந்தது. முப்பத்தெட்டு வருட வேலையில் ஒரே ஒரு நாள்கூட அவர் எம்சி எடுத்ததில்லை. எம்சி என்பது உடம்பு சரியில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுக்கும் விடுப்புச் சீட்டு. பின்வாசல் ஜாகா தர்மாவுக்கு நாற்பது வயதுதான். அவனுக்குத் திங்கட்கிழமை தோறும் வயிறு கெட்டுவிடும். சன்னாசிக்கு எதுவும் கெடாது. கோவிட் ஊசி போட்ட அன்று அவர் மனைவி பாப்பா இரண்டு நாள் போர்த்திக்கொண்டு முனகினாள். சன்னாசி மதியமே வேலைக்குப் போய், வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் புஜத்தைத் தட்டிக் காட்டினார். பேச்சை ‘லா’ போட்டு முடிப்பது அந்த ஊர் வழக்கம்.

"ஊசி போட்ட இடமே தெரியல பாருங்க. பழைய உடம்பு லா. அசையாது."

போன வருடக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, அந்தப் பழைய உடம்பின் வலது விலாவில் ஏதோ சுட்டது.

முதலில் பெல்ட்டைச் சந்தேகப்பட்டார். பெல்ட்டை ஓர் ஓட்டை தளர்த்தினார். சனிக்கிழமை தோல் சுருண்டுகொள்வதுபோல் எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை சட்டைத் துணி பட்டாலே யாரோ தீக்குச்சியை உரசிக் காட்டுகிற மாதிரி இருந்தது. வாயுப் பிடிப்பு என்று முடிவு செய்து, பாப்பாவிடம் தைலம் தேய்க்கச் சொன்னார். அவள் விரலை வைத்ததும் அவர் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு வேலியில் இருந்த கோழி அந்தப் பக்கம் குதித்தது.

"வாயுப் பிடிப்புக்கு யாராச்சும் இப்படிக் கத்துவாங்களா?" என்றாள் பாப்பா.

"காத்து நரம்புல ஏறிருச்சு. நீ பேசாம இரு."

திங்கட்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும்போது கண்ணாடியில் பார்த்தார். விலாவில் சிவந்த மண்ணில் முத்து விதைத்த மாதிரி மூன்று கொப்புளங்கள். சுவர்க் கடிகாரத்தில் மணி ஆறு ஐம்பது. சட்டைப் பையிலிருந்த சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார். ஒரு பூனை குறுக்கே போனாலும் நேரத்தோடு எழுதிவைக்கிற கை அது. எழுதிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, வேலைக்கும் போய்விட்டார்.

அன்று மாலை வீட்டு வாசலில் சட்டையில்லாமல் நின்று விசிறிக்கொண்டிருந்தவரைப் பக்கத்து வீட்டு ஆ சோங் பார்த்தார். ஆ சோங்குக்கு எழுபத்தைந்து வயது. தோட்டத்துக் கடைக்குப் பின்னால் பிறந்து, தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் இரண்டு வருடம் குந்தி, பிறகு நாற்பது வருடம் காப்பிக் கடை நடத்தியவர். கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கிப் பார்த்தவர், இரண்டடி பின்னால் போனார்.

"ஐயோ சன்னாசி, இது பாம்பு லா!"

"எங்கே?"

"உன் மேல லா! சீனன் இதைப் பாம்புன்னு சொல்வான். இடுப்பைச் சுத்தும். தலையும் வாலும் ஒண்ணா சேர்ந்துச்சுன்னா..." ஆ சோங் அதற்கு மேல் சொல்லாமல் வானத்தைக் காட்டினார். பிறகு உள்ளே ஓடிப் போய்த் தையல் நாடா ஒன்றை எடுத்து வந்து, முதல் கொப்புளத்திலிருந்து கடைசிக் கொப்புளம் வரை அளந்தார். "நாலரை இன்ச். நாளைக்குத் திரும்ப அளக்கலாம்."

செவ்வாய்க்கிழமை அது ஏழு இன்ச் ஆகியிருந்தது. பாப்பாவின் அண்ணன் பத்துமலை, பக்கத்து ஊரான லகாட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். பத்துமலைக்கு எதைப் பற்றியும் ஒரு முடிவு இருக்கும், அந்த முடிவில் சந்தேகம் இருக்காது.

"மச்சான், இது பாம்புமில்ல பல்லியுமில்ல. அக்கி. செம்மண்ணைக் குழைச்சு சிங்கம் எழுதினா மூணு நாள்ல இறங்கிடும். எங்கப்பா எழுதுவாரு. நான் பக்கத்துல நின்னு பாத்திருக்கேன்."

"பாத்திருக்கியா, எழுதியிருக்கியா?" என்று கேட்டாள் பாப்பா.

"பாத்தா எழுத வராதா?"

சன்னாசி பிளாஸ்டிக் நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சாய்மானத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பத்துமலை பூச்சாடி மண்ணைக் குழைத்து, கோழி இறகால் விலாவுக்கு மேலே சிங்கம் எழுதினார். ஒவ்வொரு கோட்டுக்கும் சன்னாசி ஒவ்வொரு சாமியைக் கூப்பிட்டார். சிங்கத்துக்கு வால் போட இடம் போதாமல், வாலை முதுகுப் பக்கம் திருப்பிவிட வேண்டியதாயிற்று. ஆ சோங் இதை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டேயிருந்தார்.

"சிங்கம் பின்னாடி இருக்கு. பாம்புத் தலை முன்னாடி இல்ல போகுது? முன்னாடி யார் தடுப்பா?" என்று கேட்டவர், தூரிகையும் கறுப்பு மையும் கொண்டு வந்து, தொப்புளுக்கு நாலு விரல் தள்ளி, கொப்புள வரிசை முடிகிற இடத்தில் மூன்று சீன எழுத்துகளைப் பெரிதாக எழுதினார்.

"என்ன தவுக்கே எழுதினீங்க?" என்று அந்தப் பழைய கடை முதலாளியைக் கேட்டார் சன்னாசி.

"புலி லா. பாம்பு பயந்து திரும்பிடும்."

முன்னால் புலியும் பின்னால் சிங்கமுமாக சன்னாசி புதன்கிழமை காலையில் வேலைக்குக் கிளம்பினார். சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. மூன்று தடவை முயன்றார், மூன்று தடவையும் கண்ணில் தண்ணீர் வந்தது. பாப்பா முப்பது வருடம் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். வீட்டில் எப்போதும் ஒரு பெட்டி கையுறை இருக்கும். ஒரு ஜோடியை எடுத்துச் சட்டென்று மாட்டிக்கொண்டு அவர் எதிரில் வந்து நின்றாள்.

"கிளினிக்குக்கு வாரீங்களா, இல்ல நான் உங்க கூட கேட்டுக்கு வரட்டுமா? வந்து, போற காரை எல்லாம் நிறுத்தி, சட்டையைத் தூக்கி உங்க சிங்கத்தைக் காட்டுவேன்."

அவள் செய்வாள் என்பது சன்னாசிக்குத் தெரியும். தர்மாவுக்குப் போன் போட்டு, ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறேன் என்று சொன்னார்.

கிளினிக்கில் ஒரு மணி நேரத்தில் முன்னால் இருந்தவர்களில் பாதிப் பேர்தான் குறைந்திருந்தார்கள். பதினொன்று இருபதுக்குக் கூப்பிட்டார்கள். டாக்டர் நிரோஷா யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்துப் பெண். முப்பது வயதைத் தாண்டியிருக்க மாட்டார். சட்டையைத் தூக்கிப் பார்த்ததும் அவர் முகத்திலிருந்த டாக்டர் களை சற்று நேரம் காணாமல் போய்விட்டது.

"இது என்ன அங்கிள், நாயா?"

"சிங்கம்மா," என்றார் சன்னாசி சுவரைப் பார்த்தபடி. "மச்சான் எழுதினது."

"இந்தப் பக்கம்?"

"புலி. ஆ சோங் எழுதினது."

மருந்துத் தட்டோடு வந்த சீனத் தாதி குனிந்து அந்த எழுத்துகளைப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். தட்டை மேசையில் வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் காரணம் கேட்டார். தாதி மலாயில் சொன்னதை டாக்டர் தமிழில் சொன்னார்.

"அங்கிள், இதில புலி எண்டு இல்லை. வெள்ளைக் காப்பி எண்டு எழுதியிருக்காம்."

பாப்பா சிரித்த சிரிப்பு வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்டது. சன்னாசிக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் விலா எரிந்தது, அதனால் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

தாதி எல்லாவற்றையும் உப்புத் தண்ணீரால் மெல்லத் துடைத்தெடுத்த பிறகு, டாக்டர் கொப்புளங்களைக் கிட்டத்தில் பார்த்தார்.

"எப்ப தொடங்கினது? நேற்றா, முந்தநாளா? வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

சன்னாசி நோட்டை எடுத்துப் புரட்டினார். "திங்கக்கிழமை காலையில ஆறு ஐம்பது, மூணு கொப்புளம். ஏழு பதினஞ்சுக்கு நாலு. மத்தியானம் சாப்பாட்டு நேரம், ஒன்பது."

டாக்டர் நோட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு விரல் விட்டு எண்ணினார். "ஐம்பத்திரண்டரை மணித்தியாலம். எழுபத்திரண்டுக்குள்ள மாத்திரையைத் தொடங்கினால்தான் நல்லா வேலை செய்யும். ஒரு நாள் சிங்கத்தோட போயிட்டுது. நல்ல வேளை, இண்டைக்காவது வந்தியள். சின்ன வயசில சின்னம்மை வந்ததோ?"

"வந்துச்சு. ஆறு வயசுல. எங்க லயத்துல வரிசையா பதினோரு பிள்ளைங்களுக்கு."

"அந்தக் கிருமி அப்பவே போகேல்லை அங்கிள். முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில, நரம்பின்ர வேரில போய்ப் படுத்திட்டுது. அறுபத்திரண்டு வருஷமா அங்கதான் இருக்குது."

சன்னாசியின் முகம் வெளுத்தது. வாசலில் பெயர் எழுதாமல் ஒரு பீட்சா வண்டிக்காரன் உள்ளே போனாலே பின்னால் ஓடுகிறவர் அவர். அறுபத்திரண்டு வருடமாக ஒருத்தன் உள்ளேயே குடியிருந்திருக்கிறான்.

"இவ்வளவு நாளும் சும்மாதானே இருந்தான்? இப்ப என்ன வந்துச்சு அவனுக்கு?"

"அவனுக்கு ஒண்டும் வரேல்லை. உங்கட உடம்பில இருக்கிற காவலுக்குத்தான் வயசு போயிட்டுது. ஜாகா தூங்கிட்டார், கள்ளன் வெளியில வந்திட்டான். இப்பிடி நினைச்சுக்கொள்ளுங்கோ."

பாப்பா கண்ணை மூடிக்கொண்டாள். சன்னாசி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"டாக்டர், நான் முப்பத்தெட்டு வருஷம் ஜாகா. ஒரு நாள் டியூட்டில தூங்கினதில்ல."

டாக்டர் நிரோஷா பதிவு அட்டையில் தொழில் என்ற இடத்தை அப்போதுதான் பார்த்தார். "ஐயோ, உங்களைச் சொல்லேல்லை அங்கிள்..."

"என்னைச் சொல்லலைன்னாலும் சரி. எந்த ஜாகாவையும் அப்படிப் பொதுவா தூங்கிட்டான்னு சொல்லக் கூடாது. திருட்டுன்னா மொதல்ல ஜாகாவைத்தான் கேப்பாங்க. மொத்தம் எத்தனை பேரு டியூட்டில இருந்தாங்க? புது ஆளுங்க எத்தனை பேரு? அதை எல்லாம் பாக்க வேணாமா?"

வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். இருந்தாலும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். மருத்துவக் கல்லூரியில்கூட அவரை யாரும் இவ்வளவு ஒழுங்காகக் குறுக்கு விசாரணை செய்திருக்க மாட்டார்கள்.

"சரி, நீங்கள் சொல்லுறது நியாயம்தான். தூங்கேல்லை. ஆக்கள் காணாது, தொகை குறைஞ்சிட்டுது, அதுதான் விஷயம். நெஞ்செலும்புக்குப் பின்னால ஒரு சின்ன உறுப்பு இருக்கு. காவலுக்குப் புது ஆக்களைப் பழக்கி அனுப்புற இடம் அது. குழந்தையில பெரிசா இருக்கும். வயசு போகப் போகச் சுருங்கிக் கொழுப்பாகிடும்."

"அப்ப புது ஆளே எடுக்கறதில்லையா?"

"மெத்தக் குறைவு."

"இருக்கிற கெழட்டு ஆளுங்களை வச்சே ஓட்டறாங்க."

"ஓம்."

"எங்க கம்பெனி மாதிரியே இருக்கு," என்றார் சன்னாசி. கோபம் பாதி இறங்கியிருந்தது.

"ஆனா எனக்குக் காய்ச்சல் ஒண்ணும் இல்லையே டாக்டர். பெரிய வியாதின்னா உடம்பு கொதிக்காதா?"

"அதுவும் வயசால வாறதுதான். இளம் ஆக்களுக்குச் சின்ன விஷயத்துக்கும் காய்ச்சல் அடிக்கும். வயசானவைக்குப் பெரிய வருத்தம் வந்தும் உடம்பு சுடாமலே இருக்கும். காய்ச்சல் இல்லை எண்டு நம்பி வீட்டில இருக்கக் கூடாது."

சன்னாசி காற்சட்டையைக் கொஞ்சம் மேலே இழுத்து, வலது முட்டியைக் காட்டினார். அது பல வருடமாக லேசாக வீங்கி, தொட்டால் கதகதவென்றிருக்கும். "சுடலைங்கறீங்க. இது மட்டும் எப்பவும் சூடா இருக்கே?"

டாக்டர் முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்தார். "இது தேய்மானம். ஆனால் இன்னொண்டும் இருக்கு. வயசு போனால் உடம்பு முழுக்க மெல்லிசா ஒரு அழற்சி இருந்துகொண்டேயிருக்கும். கள்ளன் வராத நேரத்திலயும் அலாரம் சின்னதாக் கத்திக்கொண்டிருக்கிற மாதிரி. அந்தச் சத்தத்தில, உண்மையில கள்ளன் வரேக்க அடிக்கிற அலாரம் எடுபடாது."

சன்னாசி தொடையில் தட்டினார். தட்டியது விலாவுக்குக் கேட்டு, முகம் சுருங்கியது.

"தர்மா!"

"ஆர் தர்மா?"

"பின்வாசல்ல இருக்கான் டாக்டர். காலையிலேர்ந்து வாக்கி டாக்கில ஏதாச்சும் பேசிக்கிட்டே இருப்பான். மழை வரும் போல இருக்கும்பான், நாசி லெமாக் சோறு வாங்கட்டாம்பான். ஒரு நாள் கார் நிறுத்துற இடத்துல நெசமாவே புகை வந்துச்சு. தீ, தீன்னு கத்தியிருக்கான். நான் வழக்கம்போல வளவளக்கறான்னு சத்தத்தைக் கம்மி பண்ணி வச்சிட்டேன்."

"அதேதான் அங்கிள்," என்றார் டாக்டர். "உங்களுக்கு என்னைவிட நல்லா விளங்கிட்டுது."

சன்னாசிக்கு மனம் குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. டாக்டர் பேனாவை எடுத்து, ஏழு நாள் மாத்திரையும் வலிக்கு வேறு மாத்திரையும் எழுதிவிட்டு, அடுத்த தாளைக் கிழித்தார்.

"பத்து நாள் எம்சி."

"வேணாம் டாக்டர்."

"என்ன வேண்டாம்?"

"எம்சி வேணாம். மாத்திரை போதும். உக்காந்து பாக்கற வேலைதான்."

"சட்டைப் பொத்தான் போட ஏலாமல் எப்பிடி வேலைக்குப் போவியள்?"

"ஒரு துண்டைப் போத்திக்குவேன். முப்பத்தெட்டு வருஷம் டாக்டர். ஒரு எம்சி இல்ல. நீங்க எழுதினா எல்லாம் போச்சு."

பாப்பா பொறுமையிழந்து, "அவரு பேருக்குப் பத்து நாள், எனக்கு ஓய்வுக்குப் பத்து நாள், இருபதா எழுதுங்கம்மா," என்றாள். டாக்டர் அவளைக் கையமர்த்தினார்.

"அங்கிள், கொப்புளம் காயுமட்டும் சின்னம்மை வராத ஆக்களுக்கு உங்களிட்டயிருந்து தொத்தலாம். கைக்குழந்தையள், கர்ப்பிணியள். பிள்ளைத்தாய்ச்சிக்கு வந்தால் ஆபத்து."

ஏழாவது மாடி குமுதாவுக்கு ஏழாம் மாதம். வேலை முடிந்து வரும்போது அந்தப் பெண் மார்க்கெட்டுப் பைகளைத் தூக்க முடியாமல் தூக்கி வரும். சன்னாசிதான் வாங்கி, லிஃப்ட் வரைக்கும் கொண்டு போய் வைப்பார். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் வைத்திருந்தார்.

"எழுதுங்க டாக்டர்," என்றார். பிறகு, "அந்தப் பொண்ணுக்கு நான் போன் பண்ணிச் சொல்லணும். இப்பவே சொல்லலாமா?" என்று கேட்டார்.

டாக்டர் சொல்லச் சொன்னார். குமுதாவுக்குச் சின்ன வயதிலேயே சின்னம்மை வந்து போயிருந்தது. அவள் நெற்றியில் இருக்கும் தழும்பே அதுதானாம். அதைக் கேட்ட பிறகுதான் சன்னாசிக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. சீட்டை நான்காக மடித்து, நோட்டுக்குள் வைக்காமல், வேறு பையில் வைத்துக்கொண்டார்.

பத்து நாளும் அவர் சட்டை போடவில்லை. இடுப்பில் பாப்பாவின் பழைய சாரோங், தாடி வளர்ந்த முகம், வெறும் மேல். முதல் தடவையாகப் பேருக்கு ஏற்ற மாதிரி இருக்கிறார் என்று பத்துமலை சொன்னார். சிங்கத்தைத் துடைத்தெறிந்ததில் அவருக்கு வருத்தம்தான். ஆனால் ஆ சோங்கின் எழுத்து வெள்ளைக் காப்பி என்று தெரிந்ததும் அந்த வருத்தம் பறந்துபோனது. வேலிக்குப் போய் விசாரித்தார். ஆ சோங் கொஞ்சமும் அசரவில்லை.

"நான் படிச்சது தமிழ்ப் பள்ளிக்கூடம் லா. சீனத்துல கடைப் பலகையில இருந்த எழுத்து மட்டும்தான் தெரியும். பாம்புக்கு என்ன, படிக்கத் தெரியுமா?"

வலிதான் சிரிக்கவில்லை. கொப்புளங்கள் காய்ந்து, பொருக்கு உதிர்ந்து, தோல் ஆறிய பிறகும் உள்ளே நரம்பு ஆறவில்லை. மின்விசிறிக் காற்று பட்டால் தீ எறும்பு ஊர்ந்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று யாரோ கம்பியைக் காய்ச்சி இழுத்தார்கள். "தாஹான் பண்ண முடியல பாப்பா, தாங்க முடியல," என்று ஒரு நாள் மெல்லச் சொன்னார். முப்பத்தொன்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் முடியவில்லை என்ற சொல்லை அவர் வாயிலிருந்து அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்று அவள் அவரைக் கிண்டல் செய்யவில்லை. பழைய துணியை ஈரமாக்கி விலாவில் போட்டுவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து பயத்தங்காய் நறுக்கினாள்.

வலி மூன்று மாதம் இருந்தது. வயது கூடக் கூட அது நீண்ட நாள் நிற்கும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். மாத்திரை நேரத்தோடு தொடங்கியதால் மூன்று மாதத்தோடு போயிற்று என்றும் சொன்னார். இடையில் இருவருக்கும் சளிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டார்கள். மறுநாள் பாப்பாவுக்குக் கை வீங்கி, உடம்பு சுட்டது. சன்னாசிக்கு வழக்கம்போல் ஒன்றுமில்லை. முன்பானால் தெருவெல்லாம் சொல்லியிருப்பார். இந்தத் தடவை காலையிலிருந்து கையை அமுக்கி அமுக்கிப் பார்த்தார்.

"கொஞ்சமாச்சும் வலிக்குதா பாருங்க," என்றாள் பாப்பா போர்வைக்குள்ளிருந்து.

"இல்ல."

"வீக்கம்?"

"இல்ல பாப்பா. ஒருத்தனும் எழுந்திரிக்கல போல இருக்கு."

அவர் முகம் அவ்வளவு வாடிப்போயிருந்தது. அவளே போன் போட்டு டாக்டரிடம் கேட்டாள். கை வீங்கவில்லை என்பதற்காக ஊசி வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை, சத்தம் போடாமலும் வேலை நடக்கும், வயதானவர்களுக்குக் கொஞ்சம் குறைவாக நடக்கலாம், அதனால்தான் வருடா வருடம் போடச் சொல்கிறோம் என்றார் டாக்டர். சன்னாசி ஒலிபெருக்கியில் கேட்டு, சத்தம் போடாமல் வேலை பார்க்கிற ஆள்தான் நல்ல ஜாகா என்று சமாதானமடைந்தார்.

வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து சன்னாசி கொஞ்சம் மாறிப்போனார். தடுப்புக் கம்பத்தை உடனே தூக்குவதில்லை. காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கச் சொல்லி, வயதைக் கேட்டார்.

"அங்கிள், அம்பது தாண்டிருச்சா? சின்னம்மை வந்திருக்கா? உடம்புல ஒரு பக்கம் மட்டும் எரிச்சல் வந்தா, கொப்புளம் வந்தா, மூணு நாளைக்குள்ள டாக்டர்கிட்ட போயிடணும். சிங்கம் எழுதக் கூடாது."

சிங்கம் யாருக்கும் புரியவில்லை. சிலர் சிரித்தார்கள். சிலர் நன்றி சொன்னார்கள். குடியிருப்பில் இருக்கும் நாற்பத்தாறு வயதுச் சாந்தினி, ஐம்பது தாண்டியதா என்று கேட்டதற்காக ஒரு வாரம் அவரிடம் பேசவில்லை. கார் வரிசை சாலை வரைக்கும் நீண்டது. நிர்வாகக் குழுத் தலைவர் தியாகராஜாவிடம் புகார் போயிற்று.

தியாகராஜா அரசாங்க அலுவலகத்தில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள்ளும் காலணி போட்டு நடப்பவர் என்று பேச்சு. வாசலுக்கு இறங்கி வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"சன்னாசி, நீர் இங்கே காவலாளியோ, டொக்டரோ?"

"காவலாளிதான் ஐயா."

"அப்ப காவலைப் பாரும். சனங்களின்ர வயசைக் கேக்கிறது மரியாதையில்லை. இனி ஒருத்தரிட்டயும் கேக்கக் கூடாது. விளங்கினதோ?"

விளங்கியது. சன்னாசி அதோடு நிறுத்திக்கொண்டார். கேட்கிறவர்களுக்கு மட்டும் சொன்னார். ஒருவரும் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தியாகராஜா மறுபடியும் இறங்கி வந்தார். காலில் ரப்பர்ச் செருப்பு. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, கண்ணாடி அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினார். இருவர் நிற்க இடமில்லாத அறை அது. சன்னாசி நாற்காலியில் ஏறி உட்கார்ந்து இடம் கொடுத்தார்.

"முந்தநாள் தொட்டு இடது பக்கம் எரியுது," என்றார் தியாகராஜா கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி. "ஒருத்தருக்கும் சொல்லாதையும். ஒருக்கா இதைப் பாரும்."

சட்டையைத் தூக்கினார். இடது விலாவில் உள்ளங்கையளவு சிவப்பு, அதில் இரண்டு கொப்புளம். சன்னாசி கையை நீட்டவில்லை. தொட்டால் எப்படியிருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

"ஐயா, கொப்புளம் எப்ப வந்துச்சு?"

"இண்டைக்குக் காலமைதான். குளிக்கேக்க கண்டனான்."

"மணி?"

"மணியெல்லாம் ஆர் பாத்தது?"

"பாத்திருக்கணும் ஐயா," என்றார் சன்னாசி கண்டிப்பாக. "போகட்டும். ஏழரைன்னு வச்சுக்குங்க. இப்பவே கெளம்புங்க. சனிக்கிழமை, அரசாங்கக் கிளினிக் தொறந்திருக்காது. தனியார் டாக்டர்கிட்ட போங்க. வைரஸ் மாத்திரைன்னு கேட்டு வாங்குங்க. யாரையும் எதையும் எழுத விடாதீங்க."

ஐந்தாவது நிமிடம் அவருடைய வெள்ளைக் கார் வாசலுக்கு வந்தது. ஓட்டியது அவர் மனைவி அம்பிகை. பக்கத்தில் தியாகராஜா சட்டைப் பொத்தான் எல்லாம் திறந்தபடி, முதல் தடவையாகக் கசங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். சன்னாசி கம்பத்தைத் தூக்கத் தயாராக நின்றார். அம்பிகை கண்ணாடியை இறக்கினார்.

"சன்னாசி, டொக்டர் வயசு கேப்பாரோ?"

"கேப்பாரும்மா. அதுதான் மொதல் கேள்வி."

"இவர் எழுபத்திரண்டு எண்டு எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரியிறார். அடையாள அட்டையில எழுபத்தெட்டு. எதைச் சொல்லட்டும்?"

தியாகராஜா கண்ணை மூடிக்கொண்டார். சன்னாசி அவரைப் பார்த்தார். பாவமாக இருந்தது.

"எழுபத்தெட்டையே சொல்லிடுங்கம்மா," என்றார். "இங்க நான் எழுதிக்க மாட்டேன்."

கம்பம் உயர்ந்தது. கார் மெதுவாக, வேகத்தடை மேட்டில்கூடக் குலுங்காமல், சாலைக்கு இறங்கிப் போனது.